காளி இன்னும் சாகாத ஊர்

யாழ்ப்பாணத்திலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் கோயில் பார்க்கப் போகிறோம் என்பார்கள். நான் தங்கையின் முதுகெலும்பைப் பார்க்கப் போனேன். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒப்பரேஷன் முடிந்தது. அவள் படுத்திருக்க வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முனகுவதைக் கேட்க வேண்டும் என்றார்கள். முனகலைக் கேட்க அவளுடைய மகள் இருந்தாள். நான் வேறொரு வேலையாக ஜவ்வாது மலைக்குப் புறப்பட்டேன்.

அந்த வேலை இதுதான். மலையில் ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்து, உங்கள் ஆள் எங்கள் வளவில் புதைந்து கிடக்கிறார், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பது. வளவு என்று நாங்கள் சொல்வது வீட்டைச் சுற்றியுள்ள காணியை.

எண்பதுகளின் கடைசியில், அமைதி காக்க என்று சொல்லி இந்தியாவிலிருந்து படை வந்திருந்தபோது வீட்டுக்கு வரும் சின்னத் தெருவான எங்கள் ஒழுங்கையின் முடிவிலிருந்த பள்ளிக்கூடம் அவர்களுடைய முகாமாகியது. தண்ணீருக்கு எங்கள் கிணற்றுக்கு வருவார்கள். அந்தக் கூட்டத்தில் தமிழ் பேசிய ஒரே ஆள் காளி. ஜவ்வாது மலைக்காரர். அவருடைய தமிழைக் கேட்டு நாங்கள் உள்ளுக்குள் சிரிப்போம். "இன்னா பாப்பா, இஸ்கூலுக்குப் போவலியா?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் நீங்கள் படுத்திருக்கிறீர்கள், நான் எங்கே போவது என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைக் கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும் ஊர்க்கதை சொல்வார். சாமை, புளி, பலா, கரடி, தன் மனைவி பச்சையம்மாள். ஊர்ப் பெயரையும் சொல்லியிருந்தார்.

ஒருநாள் ஒழுங்கையில் சண்டை. அன்றே முகாமைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். வெடிச்சத்தம் ஓய்ந்து நாங்கள் வெளியே வந்தபோது எங்கள் பின்வேலியோடு ஒருவர் கிடந்தார். அப்பா தான் உடுத்திருந்த சாரத்தைக் கழற்றி முகத்தை மூடிவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டார். இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. காளிக்கும் அப்படித்தான். வளவின் மூலையில் அப்பா கிடங்கு வெட்டினார். நானும் மண் போட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு பக்கத்துக்குச் சொன்னால் யார் சுட்டது என்று கேட்பார்கள், மறுபக்கத்துக்குச் சொன்னால் ஏன் புதைத்தாய் என்று கேட்பார்கள்.

அந்தப் படை மீது எனக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. என்னுடைய பெரியம்மாவின் மகன் இன்றைக்கும் ஒற்றைக் காலோடு இருக்கிறான். அந்த எறிகணை யாருடையது என்று தெரியாது, அதனால் எல்லாரையும் திட்டுவேன். ஆனால் இப்போது வளவைப் பக்கத்துவீட்டு மாஸ்டருக்கு விற்கிறோம். நான் திரும்பிப் போனதும் காணி உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், எழுத வேண்டும். அந்த மூலையில் அவர் அடுப்படிக்கு அத்திவாரம் வெட்டப்போகிறார். எலும்பு வெளியே வந்தால் பொலிஸ் வரும், நீதவான் வருவார், பத்திரிகைக்காரன் வருவான். அது ஒருபுறம். இன்னொருவரின் புருஷனை எலும்போடு சேர்த்து விற்க எனக்கு மனம் வரவில்லை. அது மறுபுறம். அவ்வளவுதான் காரணம்.

*

போளூரில் பூரி சாப்பிட்டேன். கிழங்குக் கறியில் உறைப்பு இல்லை. பச்சை மிளகாய் கேட்டேன், கடைக்காரர் இரண்டு மிளகாயை எண்ணெயில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து நான் கடிக்கும்வரை நின்று பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

மலைக்கு ஏறும் பேருந்து பாதி வளைவுகளைத் தாண்டியதும் புகைவிட்டு நின்றது. நடத்துநர் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்கள் தாங்களாகவே இறங்கி, பக்கத்துச் சரிவிலிருந்து கல் பொறுக்கிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்கள். தினமும் நடப்பதுபோல இருந்தது. பெண்கள் ஓரமாக உட்கார்ந்து புளியங்காய் தின்றார்கள். எனக்கும் ஒன்று தந்தார்கள். பேசத் தொடங்கினேன். நீங்கள் கேரளாவா என்று ஒருத்தி கேட்டாள். யாழ்ப்பாணம் என்றேன். அது எங்கே என்றாள் இன்னொருத்தி. கடலுக்கு அந்தப் பக்கம் என்றேன். அங்கேயும் தமிழா, பரவாயில்லையே, நன்றாகப் பேசுகிறீர்கள் என்று பாராட்டினாள். எங்கள் தமிழை உலகத்திலேயே நல்ல தமிழ் என்று எங்கள் ஊரில் பெருமையடித்துக்கொண்டு இருக்கிறோம். இங்கே அதற்குக் கிடைத்த மதிப்பு ஒரு புளியங்காய்.

நடத்துநர் எஞ்சினில் தண்ணீர் ஊற்றினார். வண்டி கிளம்பியது.

ஜமுனாமரத்தூரில் அன்று சந்தை. சாமை, புளி, கடுக்காய், பெரிய போத்தல்களில் தேன். தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்று கேட்டேன். விற்றவர் கோபித்துக்கொண்டு போத்தலை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். கோபித்ததால் நல்ல தேன் என்று நினைத்து வாங்கக் கேட்டேன். உங்களுக்கு இல்லை என்றார்.

ஊரில் நான் மா அரைக்கும் மில் வைத்திருக்கிறேன். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் மில் சத்தம் வரும் பக்கம் கால் தானாகப் போகும். சந்தைக்குப் பின்னால் சாமைக்கு உமி நீக்கும் மில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சாமை கடுகை விடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் உமியை உரித்து, குருணை ஆகாமல் எடுப்பது பெரிய பாடு. மில்காரர் என்னுடைய காது கொஞ்சம் மந்தமாக இருப்பதைப் பார்த்தே நானும் அந்தத் தொழில் என்று கண்டுபிடித்துவிட்டார். அன்று நான் பேசியதில் எனக்குப் பிடித்த பேச்சு அதுதான். இருவரும் கத்திக் கத்திப் பேசினோம்.

தங்குமிடத்தில் போர்வை மெல்லியது. மாசி மாதத்தில் இப்படிக் குளிரும் என்று காளி எங்களுக்குச் சொன்னதில்லை.

*

மறுநாள் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் போகும் ஜீப்பில் ஏறினேன். பகிர்ந்து போகும் ஜீப். இருக்கிற இடத்துக்கு மேல் ஆட்கள், அதற்கு மேல் வெங்காய மூட்டை, ஓர் ஆடு. ஆடு என் சேலையைத் தின்னப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பெண் அதன் வாயில் தட்டிவிட்டு, யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

நான் எதையும் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாதவள். காளி என்று ஒருவர் பட்டாளத்துக்குப் போனாரே, அவர் இறந்துவிட்டார், எங்கள் வளவில்தான் புதைத்தோம், நான் மண் போட்டேன், அதைச் சொல்லப் போகிறேன் என்றேன். ஜீப்பில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மில்லிலேயே இருந்து பழகிய தொண்டை எனக்கு. முன்னால் இருந்த ஓட்டுநருக்கும் கேட்டிருக்கும்.

"நீயே மண்ணு போட்டியா?" என்று அந்தப் பெண் மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

ஓம் என்றேன். ஓம் என்றால் என்ன என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிக்னல் கிடைக்கும் ஒரு மேட்டில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் யாருக்கோ போன் பேசினாள். பேசும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு முன்னால் ஜீப்பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மிச்ச வழி நடந்தோம். நான் போய்ச் சேர்ந்தபோது ஊர் முழுக்க வெளியே நின்றது. அவள் போனில் சொன்னது காளியின் தம்பி மாணிக்கத்துக்கு. அவள் அவருடைய மைத்துனி. இது பிறகுதான் தெரிந்தது.

ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. வரிசையாக ஓட்டு வீடுகள், சில அரசாங்கத் தொகுப்பு வீடுகள், நடுவே ஒரு அம்மன் கோயில். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் வேலி உண்டு, பக்கத்துவீட்டுக் கோழி வந்தாலும் வழக்கு. இங்கே வேலியே கிடையாது. ஆடு எல்லா வீட்டுக்குள்ளும் போகிறது.

மாணிக்கத்துக்கு அறுபது வயதிருக்கும். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. எனக்கு ஆள் அழுதால் என்ன செய்வது என்று தெரியாது. கையை அவரிடமே விட்டுவிட்டு நின்றேன். பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஒரு கல்லைக் காட்டினார். இடுப்பளவு உயரம். ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. ஆற்றிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தது என்றார். முகம் சுவர்ப் பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார்.

"எங்கண்ணனுக்குத்தாம்மா. எப்போ எடுத்தாந்து வச்சது. நட வுடல."

யார் விடவில்லை என்று கேட்டேன். அவர் அதை விட்டுவிட்டு, அண்ணன் அங்கே நடுக்காட்டில் கிடக்கிறாரே, ஒரு பிடி மண்ணாவது எடுத்துக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்றார். நடுக்காடு இல்லை, எங்கள் வளவு என்றேன். மண்ணை விமானத்தில் விடமாட்டார்கள் என்றும் சொன்னேன். உண்மையில் விடுவார்களா மாட்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

அவர் வீட்டில் காப்பி தந்தார்கள். அவருடைய மனைவி, மருமகள், பேத்தி எல்லாரும் வந்து பார்த்தார்கள். காளியின் மனைவி வரவில்லை. எங்கே என்று கேட்டேன். எல்லாரும் ஒரே வீட்டைப் பார்த்தார்கள். எதிர்வரிசையில் இருந்தது. நான் போகிறேன் என்று எழுந்தேன். நாளைக் காலையில் ஊர் கூடும், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றார் மாணிக்கம். நான் அவளைப் பார்க்கத்தான் கடல் தாண்டி வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

*

பச்சையம்மாள் வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டையை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு. நரைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றார்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். காரம் எங்கள் ஊர்க் காரம். இந்தியாவில் காலெடுத்து வைத்ததிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல சாப்பாடு. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். காளி எங்கள் கிணற்றடியில் சாமையைப் பற்றிச் சொன்னதை அவரிடம் சொன்னேன். என்ன சொன்னார் என்று கேட்டார். இந்தச் சோற்றைச் சாப்பிட்டவன் வேறு சோறு சாப்பிட மாட்டான் என்றார், ஆனால் அம்மா போட்ட புட்டை மூன்று பேருக்குள்ளதைத் தின்றார் என்றேன். சிரித்தார். கொஞ்சம்தான்.

பிறகு கேட்டார்.

"மண்ணு போட்டியா?"

"போட்டனான் அக்கா."

"நாளைக்கி அத்த சொல்லப்போறியா?"

"அதுக்குத்தானே வந்தனான்."

திரும்பப் புளியை எடுத்துக்கொண்டார். தட்டிக்கொண்டே சொன்னார். நான் கேட்கக் கேட்க எனக்குக் கோபம் ஏறியது. இதை யாராவது ஜீப் ஏறுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

அந்த ஊரில் ஓர் ஆள் செத்தார் என்பதை ஊர் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால், அவருக்கு மண் போட்ட ஒருவர் ஊர் நடுவில் வந்து சொல்ல வேண்டும். உள்ளூரில் செத்தால் ஊரே மண் போடும், பிரச்சினை இல்லை. வெளியூரில் செத்தவனுக்கும் அதே சட்டம். சொன்ன பிறகு ஊருக்கு மேற்கே கல் நடுவார்கள். கல் நட்டால் அவர் செத்தவர். நடாதவரை இருப்பவர். காகிதம் ஒன்றும் செல்லாது.

"கவருமெண்டுக்கு அவுரு எப்பவோ செத்துட்டாரு. காணல காணலன்னு சொல்லிகினு இருந்தாங்க, அப்பறம் செத்ததா வச்சிக்கோன்னு பென்சன் குடுத்தாங்க. ஊருக்குத்தான் அவுரு சாவல."

இருப்பவருடைய வீட்டுக்கு அம்மன் திருவிழாவில் ஒரு படி சாமை அளக்கும் உரிமை உண்டு. சாமை அளக்கும் வீட்டுக்காரருக்கு ஊர்க்கூட்டத்தில் முன்வரிசையில் இடம் உண்டு, பேச்சு உண்டு. காளி வரும்வரை என்று அவர் பெயரில் பச்சையம்மாள் அளந்தார். வரமாட்டார் என்று தெரிந்த பிறகும் அளந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வரிசையில் ஆண்களுக்கு நடுவே உட்காருகிற ஒரே பெண் அவர்தான். பிள்ளை என்று ஒரே மகள், மலையின் மறுபக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. காளிக்குக் கல் நட்டால் வீடும் கொல்லையும் புளியமரங்களும் தம்பி வீட்டோடு சேரும். பச்சையம்மாளும் சேர்வார்.

"சோறு போடுவான். கெட்டவன் இல்ல அவன். ஆனா நான் வாயத் தொறக்க முடியாது."

வாயைத் திறந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். போன வருஷம் மாணிக்கத்தின் பேத்தியைப் படிப்பை நிறுத்திக் கட்டிக் கொடுக்கப் பார்த்தார்களாம். பெண் பள்ளி முடிக்கட்டும் என்று இவர் முன்வரிசையில் இருந்து சொன்னாராம். கல்யாணம் நின்றது. காப்பி கொண்டுவந்து தந்தாளே, அந்தப் பெண்தான்.

காளி உயிரோடு இருக்கிறார் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இத்தினி வருசம் வராதவன் உசுரோட கீறான்னு நெனைக்க நான் பைத்தியமா?"

நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். எனக்கு அது வராது, சொன்னாலும் முகத்தில் தெரிந்துவிடும்.

"பொய் சொல்லச் சொல்லல. பாத்தத மட்டும் சொல்லு." கொட்டையை ஒரு பக்கமும் சதையை ஒரு பக்கமும் போட்டார். "மூஞ்சி எப்பிடி இருந்திச்சி?"

மூடியிருந்தது, அப்பா மூடிவிட்டார், அப்பாவும் இப்போது இல்லை என்றேன்.

சுத்தியல் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தட்டத் தொடங்கினார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்று அவர் வீட்டிலேயே படுத்தேன். போர்வை கனமாக இருந்தது.

*

காலையில் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்க் கவுண்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் தரையில். முன்வரிசையில் பச்சையம்மாள், அவருக்குப் பின்னால் மாணிக்கம். ஒரு வீட்டுக்கு ஒரு முன்னிடம்தான், அண்ணன் இருக்கும்வரை தம்பி பின்னால்தான். அறுபது வயதில் அந்த மனிதர் அண்ணியின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது அவர் பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவர் மீதாவது முழுக்கக் கோபப்பட முடிந்தால் வசதியாக இருந்திருக்கும்.

கவுண்டர் கேட்டார், நான் சொன்னேன். சண்டை, வேலி, சாரம், கிடங்கு. இடது கைச் சுண்டுவிரலையும் சொன்னேன். பச்சையம்மாளின் முதுகு நிமிர்ந்தது. அந்த விரலைப் பற்றி நேற்று நான் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. மாணிக்கம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

காளிதான் என்று ஊர் முணுமுணுத்தது. அடுத்த மாதம் கல் நடலாம், மண்ணை இந்த அம்மா அனுப்பி வைக்கட்டும் என்று ஒருவர் நாள்கூடச் சொல்லத் தொடங்கினார். கவுண்டர் பச்சையம்மாளைப் பார்த்தார்.

"நீ இன்னா சொல்ற?"

பச்சையம்மாள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே என் பக்கம் திரும்பினார்.

"மூஞ்சியப் பாத்தியாம்மா?"

"இல்லை."

"வெரலு கொறைஞ்ச ஆளப் பாத்த."

"ஓம். பார்த்தேன்."

"கவுண்டரே, உன் கையக் காட்டு."

கவுண்டர் ஒரு கணம் புரியாமல் பார்த்துவிட்டுத் தன் வலது கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். பச்சையம்மாள் வரிசையில் இருந்த இன்னும் இரண்டு பேரின் பெயரைச் சொன்னார். அவர்களும் கையைக் காட்டினார்கள், ஒருவருக்குக் கட்டைவிரலே இல்லை. கதிர் அறுக்கிற ஊரில் பாதிப் பேருக்கு விரல் இல்லை, பட்டாளத்துக்குப் போனவன் எல்லாம் வீட்டில் உட்கார்ந்தவனா, அவர்களில் என் புருஷனைத் தவிரக் கதிர் அறுத்தவனே கிடையாதா என்று கேட்டார். இப்போது ஊரே சிரித்தது. கவுண்டரும் சிரித்தார். மாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணி, அது எங்கண்ணன்தான்," என்றார். "உனுக்கே தெரியும்."

சிரிப்பு நின்றது. பச்சையம்மாள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருக்கலாம். நான் போயி பாக்கறேன். நான் பாத்து, என் கையால மண்ணு எடுத்தாந்தா அப்பறம் கல்லு நடு. மண்ணு போட்டவங்க மூஞ்சி பாக்கலன்னா பொண்டாட்டி பாக்கணும்."

அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா, அங்கேயே அவர் உண்டாக்கினாரா என்று எனக்குத் தெரியாது. கவுண்டர் பக்கத்திலிருந்த இரண்டு கிழவர்களோடு குனிந்து பேசினார். அவர்களுக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில், காளி வீட்டம்மா போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை காளி இருப்பவர் கணக்கிலேயே இருக்கட்டும் என்றார். கூட்டம் கலைந்தது.

மாணிக்கம் என்னிடம் வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தேன், திட்டினால் பதிலுக்குத் திட்டவும் தயாராக இருந்தேன். அவர் என்னிடம், அண்ணன் உங்கள் வீட்டில் கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று மட்டும் கேட்டார். புட்டு என்றேன். புட்டு என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

*

ஜீப் நிற்கும் மேடு வரை பச்சையம்மாள் கூட வந்தார். வழியில் ஊருக்கு மேற்கே வரிசையாகக் கற்கள் நின்றன. மிகப் பழையவற்றில் வில்லும் வாளும் ஏந்திய ஆட்கள் செதுக்கியிருந்தார்கள். புதியவை வெறும் கற்கள், மஞ்சள் பூசியிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்.

நான் பாஸ்போர்ட் எடுப்பதைப் பற்றிச் சொன்னேன். வேலூரிலோ சென்னையிலோ எங்கே விசாரிக்க வேண்டும், என்னென்ன காகிதம் வேண்டும், பிறந்த தேதிக்கு அத்தாட்சி இல்லையென்றால் வேறு என்ன காட்டலாம், நான் எங்கே வந்து கூட்டிக்கொண்டு போவேன், எல்லாம் விவரமாகச் சொன்னேன். மாஸ்டர் அத்திவாரம் வெட்டப்போவதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்.

"எடுக்கலாம்," என்றார். "அதுக்கு இன்னா அவசரம்?"

அவசரம் இருக்கிறது அக்கா, இவ்வளவு நேரமும் அதைத்தானே சொன்னேன் என்று கத்தினேன். மேட்டில் மேய்ந்த ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

"அந்த எடத்துல இன்னா மரம் கீது?" என்று கேட்டார்.

முருங்கை இருந்தது, புயலில் விழுந்துவிட்டது, இப்போது ஒன்றுமில்லை, வெறும் நிலம் என்றேன்.

"வெயிலா?"

"பின்நேரத்தில் மதில் நிழல் விழும்."

சரி என்றார். ஜீப் வந்தது. வரும் சித்திரையில் திருவிழா, தலைமாட்டில் சாமை மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், அளக்க வேண்டும் என்றார். எனக்குச் சொன்னதா, தனக்கே சொன்னதா என்று தெரியவில்லை. ஜீப் திரும்பும்போது பார்த்தேன். ஊரை நோக்கி நடந்துகொண்டிருந்தார், நேராக, கொஞ்சம் வேகமாகவே.

இறங்கும்போது பேருந்து எங்கேயும் நிற்கவில்லை. எனக்கு வாந்தி வந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் இடம் மாறி உட்கார்ந்தார். பழக்கப்பட்டவர்.

போளூரில் இறங்கி வாய் கொப்பளித்துவிட்டு, பேருந்து நிலையத்துக் கடையில் தேநீர் குடித்தேன். பால் அதிகம், சாயம் குறைவு. தங்கையின் மகளை அழைத்து அம்மா எப்படி என்று கேட்டேன். முனகுகிறாள் என்றாள். பிறகு மாஸ்டரை அழைத்தேன். அவரும் எங்கள் ஒழுங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர், அந்தச் சண்டை நாளில் அவரும் பங்கருக்குள் கிடந்தவர்.

உறுதி எழுதும்போது பின்மூலையை விட்டுவிட்டு எழுதுவோம், அந்தத் துண்டு என் பெயரிலேயே கிடக்கட்டும், அடுப்படியைக் கிழக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கிழக்கே புகை வீட்டுக்குள் வரும் என்றார். வரட்டும் என்றேன். ஏன் திடீரென்று என்று கேட்டார். அங்கே ஓர் ஆள் இருக்கிறார், அவரைப் பார்க்க இந்தியாவிலிருந்து அவருடைய மனைவி வரவேண்டியிருக்கிறது என்றேன்.

பேருந்து நிலையத்தில் ஒருவன் திருவண்ணாமலை, திருவண்ணாமலை என்று கத்திக்கொண்டிருந்தான். மாஸ்டருக்கு விளங்கியிருக்க வேண்டும். யார், எவர் என்று அவர் கேட்கவில்லை.

"அப்ப அந்த மனிசி எப்ப வருவா?" என்று கேட்டார்.

"வரமாட்டா," என்றேன்.